தங்கம் கொடுத்த மண், பட்டா கொடுக்கவில்லை!

வாளையாரில் டீக்கடைப் பெஞ்சில் அடிக்கடி அடிபடும் பேச்சு ஒன்று உண்டு. "அட்டப்பாடியில் தங்கம் இருக்கிறதாமே, அண்ணே! வெட்ட ஆரம்பித்தால் நம்ம பசங்களுக்கு வேலை கிடைக்குமா?" என்று ஒருவர் கேட்பார். "வேலை கிடைக்கும் தம்பி. வேலை முடிந்த பிறகு எங்கே போய் இருப்பது? அதைச் சொல்" என்று பெரியவர் ஒருவர் திருப்பிக் கேட்பார். அதோடு பேச்சு நின்றுவிடும்.

அட்டப்பாடித் தங்கம் வெறும் புரளி அல்ல. இந்திய புவியியல் ஆய்வுத் துறையினர் அங்குள்ள பாறைகளில் தங்கத் தாது இருப்பதை ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். கோட்டத்தறைப் பகுதி அவர்களது ஆய்வில் முக்கியமாகப் பேசப்படும் இடம். ஆனால் அங்கே சுரங்கத் தொழில் தொடங்கவில்லை. ஆகவே பெரியவர் கேட்ட கேள்விக்கு அட்டப்பாடியில் பதில் இல்லை.

பதில் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, வடக்கே நீலகிரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் உள்ள தேவாலா, பந்தலூர். மற்றொன்று, கர்நாடகத்தின் கிழக்கு எல்லையில் உள்ள கோலார் தங்கவயல். இரண்டு இடத்திலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ஒரே காலத்தில் தங்கம் தேடின. ஓரிடத்தில் இரண்டு மூன்று வருஷத்தில் எல்லாம் முடிந்தது. மற்றோரிடத்தில் 120 வருஷம் நடந்தது. இரண்டு இடத்திலும் பிழைக்கப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

காப்பித் தோட்டத்தில் தங்கப் பித்து

தேவாலா, பந்தலூர், சேரம்பாடி ஆகிய ஊர்கள் அடங்கிய தென்கிழக்கு வயநாடு 1877-ம் ஆண்டு வரை மலபார் ஜில்லாவில் இருந்தது. அந்த ஆண்டில்தான் அது நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. அங்குள்ள பணியர்களும் குறும்பர்களும் ஆற்று மணலை அரித்துப் பொன் துகள் எடுப்பது நெடுங்கால வழக்கம். நிலத்துக்கு ஜன்மியாக இருந்த நிலம்பூர் கோவிலகம் போன்ற பெரிய குடும்பங்களுக்கு அதில் பங்கு போகும்.

பிறகு துரைமார் வந்தனர். மலைகளை அழித்துக் காப்பி பயிரிட்டனர். 1870-களில் காப்பிச் செடியைத் தண்டுத் துளைப்பானும் இலை நோயும் பாழாக்கின. தோட்ட முதலாளிகள் கடனில் தத்தளித்த நேரத்தில்தான் "இந்த மண்ணில் தங்கம் இருக்கிறது" என்ற செய்தி கிளம்பியது.

1879-ல் இந்திய சர்க்கார் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணச் சுரங்கங்களில் அனுபவம் பெற்ற பிரௌ ஸ்மித் என்ற நிபுணரை வரவழைத்தது. அவர் தந்த அறிக்கை நம்பிக்கை ஊட்டுவதாக இருந்தது. லண்டன் பங்கு மார்க்கெட்டில் தீப்பிடித்தது போலாயிற்று. 1880, 1881 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வயநாட்டுத் தங்கத்தின் பெயரால் 30-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் பதிவாயின. அவற்றின் மொத்த மூலதனம் 40 லட்சம் பவுனுக்கு மேல் என்று காகிதத்தில் காட்டப்பட்டது.

இந்தப் பணம் எங்கே போயிற்று? பெரும் பகுதி சுரங்கத்துக்குள் போகவே இல்லை. நோய் பிடித்த காப்பித் தோட்டங்களை, "தங்கப் பாறை உள்ள நிலம்" என்று சொல்லிப் பல மடங்கு விலைக்குக் கம்பெனிகள் தலையில் கட்டினார்கள். விற்றவர்கள் பிழைத்துக் கொண்டார்கள். பந்தலூரில் பங்களாக்களும் கடைகளும் எழுந்தன. பாறை உடைக்கும் இயந்திரங்கள் மலைப் பாதையில் இழுத்து வரப்பட்டன.

இயந்திரத்தில் பாறையை அரைத்துப் பார்த்தபோது கிடைத்த தங்கம் செலவுக்குக் கட்டவில்லை. ஓரிரு ஆண்டுகளில் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. லண்டனில் பங்கு வாங்கியவர் பணத்தை இழந்தார். இங்கே கூலிக்கு வந்தவர் வேலையை இழந்தார். இயந்திரங்கள் காட்டில் துருப்பிடித்துக் கிடந்தன.

பக்கத்திலேயே ரயில் இருந்தது

கோலார் கதை வேறு விதமாக நடந்தது. மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற லெப்டினன்ட் 1802-ல் அந்தப் பகுதி மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதி வைத்தார். 70 வருஷம் கழித்து, பெங்களூரில் குடியிருந்த மைக்கேல் லாவெல் என்ற ஓய்வு பெற்ற சிப்பாய் அந்தக் குறிப்பைப் படித்தார். 1875-ல் மைசூர் அரசிடம் சுரங்கம் வெட்டும் உரிமை வாங்கினார். தனி ஆளாகச் சமாளிக்க முடியாமல் சில ஆண்டுகளில் ராணுவ அதிகாரிகள் சேர்ந்த ஒரு குழுவிடம் உரிமையைக் கைமாற்றினார். 1880-ல் லண்டன் ஜான் டெய்லர் அன்ட் சன்ஸ் நிறுவனம் நிர்வாகத்துக்கு வந்தது.

முதலில் இங்கும் வயநாட்டுக் கதைதான். போட்ட பணம் கரைந்து, மைசூர் சுரங்கக் கம்பெனியை மூடிவிடலாமா என்று பங்குதாரர்கள் யோசித்தனர். இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம் என்று டெய்லர் கேட்டுக் கொண்டார். 1885-ல் பிளம்மர் என்ற காப்டன் "சாம்பியன்" என்ற பொன் ரேகையைக் கண்டுபிடித்தார். பாறை டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் தங்கம் கொடுத்த காலம் அது. அதற்குப் பிறகு கம்பெனிகள் திரும்பிப் பார்க்கவில்லை.

பாறையில் தங்கம் இருந்தால் போதாது. அதை வெட்டி மேலே கொண்டு வர ஆள் வேண்டும். அந்த ஆள் எங்கிருந்து வந்தார்?

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் அப்போதுதான் முடிந்திருந்தது. வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களில் நிலமில்லாத பண்ணைக் கூலிகள் ஏராளம். அவர்களில் மிகப் பலர் ஆதிதிராவிடர்கள். பண்ணையாரிடம் வாங்கிய கடனுக்குப் பரம்பரையாக உழைத்தவர்கள். கூலி தானியமாகத்தான் கிடைக்கும். அதுவும் மழை பெய்தால்தான்.

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்டுக்கு 1864-லேயே ரயில் பாதை போடப்பட்டு விட்டது. அந்தப் பாதையில் பௌரிங்பேட்டை என்ற ஸ்டேஷன், இன்றைய பங்காரப்பேட்டை, தங்கவயலுக்குப் பக்கத்தில் இருந்தது. குடியாத்தத்திலோ திருப்பத்தூரிலோ உள்ள ஒருவர் கப்பல் ஏறிச் சிலோனுக்கோ பினாங்குக்கோ போக வேண்டியதில்லை. சொற்பக் கட்டணத்தில் ஒரே நாளில் தங்கவயலை அடையலாம். பிடிக்காவிட்டால் திரும்பியும் வரலாம். 1894-ல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை 16 கிலோ மீட்டர் கிளைப் பாதையும் வந்தது.

மேஸ்திரிகள் கிராமம் கிராமமாகப் போய் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தனர். 1891-ல் தங்கவயலின் ஜனத்தொகை சுமார் 7,000. பத்தே ஆண்டில், 1901-ல், அது 38,000-ஐத் தாண்டியது. வேலை நுட்பம் தெரிந்த இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கக்காரர்களும் இத்தாலியரும் மேலே இருந்தனர். பாறையைக் குடைந்து வெட்டி வாரியவர்கள் தமிழரும், சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கருமே.

லைன் வீட்டின் கணக்கு

கூலிக்கு ஆள் சேர்ப்பது செலவு பிடிக்கும் காரியம். வந்த ஆள் அறுவடைக் காலத்தில் ஊருக்கு ஓடிவிட்டால் மேலும் செலவு. பழகிய ஆள் ஒருவர் போய்விட்டால், புதிதாக வருகிறவர் இருட்டில், வெப்பத்தில், வெடிமருந்தோடு வேலை செய்யப் பழகுவதற்கு மாதக்கணக்காகும். ஆகவே ஆளை அங்கேயே குடும்பத்தோடு தங்க வைப்பதுதான் மலிவு என்று கம்பெனிகள் கணக்குப் போட்டன.

அதற்காகத்தான் லைன் வீடுகள். முதலில் மூங்கில் தட்டியால் ஆன குடிசைகள் வரிசை வரிசையாக எழுந்தன. ஒரு குடிசையில் எத்தனை பேர் என்று கணக்கில்லை. 1898-ல் பெங்களூரைத் தாக்கிய பிளேக் தங்கவயலையும் விடவில்லை. அதன் பிறகுதான் சுகாதாரம், குடிநீர், தெரு ஆகியவற்றைப் பற்றி நிர்வாகம் விழித்துக் கொண்டது. பாலாற்றின் குறுக்கே உள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்தில் மின்சாரம் உற்பத்தி செய்து, 147 கிலோ மீட்டர் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டு வந்தனர். பெங்களூர் நகருக்கே மின் விளக்கு வருமுன் தங்கவயலுக்கு மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் அது வந்தது இயந்திரங்களுக்காக. துரைமார் பங்களாவில் விளக்கு எரிந்தது. லைன் வீட்டுக்கு அது வந்து சேர வெகு காலம் ஆயிற்று.

இப்படி வீடு, தண்ணீர், ஆஸ்பத்திரி, சாலை எல்லாம் கம்பெனியுடையவை. அவற்றுக்கான செலவு தங்கம் எடுக்கும் செலவில் ஒரு பகுதி. தொழிலாளிக்கு அவை சலுகை போலத் தோன்றின. கம்பெனிக்கோ அவை கடிவாளம். வேலை நின்றால் வீடு போகும். வேலைநிறுத்தம் செய்தால் வீடு போகும். கை கால் போனாலும் வீடு போகும். மகன் வேலைக்குச் சேர்ந்தால் குடும்பம் அதே வீட்டில் இருக்கலாம். அதனாலேயே தகப்பனுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று மூன்று நான்கு தலைமுறை சுரங்கத்துக்குள் இறங்கியது.

கம்பெனி எல்லைக்கு வெளியே மைசூர் அரசு ராபர்ட்சன்பேட்டை என்ற புது ஊரைத் திட்டமிட்டு அமைத்தது. ஆண்டர்சன்பேட்டையும் வளர்ந்தது. அங்கே மனை வாங்கிக் கடை வைத்தவர்கள் தானிய வியாபாரிகள், துணி வியாபாரிகள், வட்டிக்கடைக்காரர்கள். சம்பள நாளில் லைனிலிருந்து கிளம்பும் பணம் அன்றே பேட்டைக்குப் போய்ச் சேரும். கடன், வட்டி, சாராயம் போக மிச்சமிருந்தால் ஊருக்கு மணியார்டர். சுரங்கத்தின் அடியில் வேலை செய்தவர் வாடகை வீட்டிலும், அவருக்கு அரிசி விற்றவர் சொந்த வீட்டிலும் வாழ்ந்தனர்.

யாருக்கு எவ்வளவு?

1905-ம் ஆண்டு வாக்கில் தங்கவயலில் ஆண்டுக்கு 6 லட்சம் அவுன்சுக்கு மேல் தங்கம் எடுத்தனர். இதில் மைசூர் அரசுக்கு 5 சதவீதம் ராயல்டி கிடைத்தது. அந்த ராயல்டி மைசூரின் வருமானத்தில் நல்ல பங்கு. லண்டன் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டு ஆண்டு தவறாமல் போயிற்று. 25,000-க்கும் மேற்பட்ட தொழிலாளிகளுக்குக் கூலி கிடைத்தது. அதோடு சிலிகோசிஸ் என்ற நோயும் கிடைத்தது. கல் தூள் நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் இந்த நோய்க்கு மருந்து இல்லை. ஆழம் போகப் போகப் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறியது. அந்தப் பாறை வெடிப்பில் போன உயிர்கள் பல.

ஆனாலும் தங்கவயலில் தொழிலாளிக்குக் கிடைத்ததை முழுவதும் நஷ்டக் கணக்கில் எழுத முடியாது. கிராமத்தில் தெருவுக்குள் நுழைய முடியாதவர் இங்கே காசாகக் கூலி வாங்கினார். பண்ணையார் வீட்டு வாசலில் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் வந்தது. பண்டித அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை ஏற்பட்டது. அவர் எழுதியவற்றைத் தங்கவயல் சித்தார்த்த புத்தகசாலை நூல்களாக அச்சிட்டது. அவர் நடத்திய "தமிழன்" என்ற பத்திரிகையின் பெயரிலேயே ஜி. அப்பாதுரையார் 1926-ல் தங்கவயலில் பத்திரிகை தொடங்கி நடத்தினார். சுரங்கக் கூலியில் மிச்சம் பிடித்துத் தந்த சந்தாவில்தான் இவை எல்லாம் நடந்தன.

அந்தத் தொழிலாளிகள் சொன்னதைக் கேட்கும் பிராணிகளாகவும் இருக்கவில்லை. 1930-ல் ஒவ்வொருவரும் கைரேகை கொடுத்துப் பதிந்து கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. "நாங்கள் என்ன திருடர்களா?" என்று கேட்டுத் தங்கவயல் முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. மூன்று வாரம் சுரங்கம் ஓடவில்லை. அப்போது அவர்களுக்குப் பெயர் சொல்லும்படியான தொழிற்சங்கம்கூடக் கிடையாது. 1946 நவம்பரில் நடந்த போராட்டத்தின்போது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் உயிரிழந்தனர். பஞ்சப்படி, போனஸ், மருத்துவம், நஷ்டஈடு எல்லாம் இத்தகைய போராட்டங்களுக்குப் பின் கிடைத்தவை.

அவர்கள் கேட்டுப் பெற்றவற்றின் பட்டியல் நீளமானது. ஆனால் குடியிருந்த மனை அந்தப் பட்டியலில் ஏறவில்லை. வேலை இருக்கும்வரை வீடு இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

சர்க்கார் கைக்கு வந்த பிறகு

1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களைத் தேசியமயமாக்கியது. 1962-ல் மத்திய அரசு எடுத்துக் கொண்டது. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறைக் கம்பெனி உருவாயிற்று. துரைமார் போனார்கள். ஆனால் நல்ல பாறையை அவர்கள் முன்பே வெட்டி எடுத்துவிட்டார்கள். சாம்பியன் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் கீழே போய்விட்டது. அத்தனை ஆழத்திலிருந்து பாறையை மேலே ஏற்றவும், காற்றைக் குளிரவைத்துக் கீழே அனுப்பவும், தண்ணீரை இறைக்கவும் ஆகும் செலவு ஏறிக் கொண்டே இருந்தது.

விலைக் கணக்கும் தொழிலாளிக்குச் சாதகமாக இல்லை. மத்திய அரசின் கைக்கு வந்த பின், எடுத்த தங்கத்தைச் சர்வதேச நிதி நிறுவனத்தின் அதிகாரபூர்வ விலையிலேயே அரசிடம் கொடுக்க வேண்டியிருந்தது. 1966-ல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்படும்வரை அந்த விலை 10 கிராமுக்கு 53 ரூபாய் 58 காசு. வெளிச்சந்தை விலை அதற்கு மேல் இருந்தது. எடுக்கும் செலவோ அந்த அதிகாரபூர்வ விலைக்குள் அடங்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் சுரங்கம் நஷ்டம் காட்டியது. "நஷ்டத்தில் ஓடும் சுரங்கம்" என்ற பெயர் தொழிலாளியின் தலையில் விழுந்தது.

1964-ல் தொடங்கிய பாரத் எர்த் மூவர்ஸ் தொழிற்சாலை கொஞ்சம் பேருக்கு வேலை கொடுத்தது. எல்லோருக்கும் அல்ல. பாறையில் தங்கம் டன்னுக்கு 3 கிராம் அளவுக்குக் குறைந்துவிட்ட நிலையில், 2001 பிப்ரவரி 28-ந் தேதியோடு சுரங்கங்கள் மூடப்பட்டன. 120 வருஷத்தில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுத்துக் கொடுத்த ஊர் அது.

அதிகாலை ரயில்

சுரங்கம் மூடிய பிறகும் ஜனங்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. எங்கே போவார்கள்? தாத்தாவின் ஊரில் நிலம் இல்லை. தெரிந்தவர்களும் இல்லை. 2011 மக்கள் கணக்கெடுப்பில் ராபர்ட்சன்பேட்டை நகரின் ஜனத்தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது.

கூலிகளைக் கொண்டு வருவதற்காக 1894-ல் போட்ட மாரிக்குப்பம் பாதை இன்று எதிர்த் திசையில் வேலை செய்கிறது. இருட்டு விடியுமுன் மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் ஸ்டேஷன்களில் டிபன் பாக்சோடு ஆண்களும் பெண்களும் ரயிலேறுகிறார்கள். 100 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ள பெங்களூரில் ஆஸ்பத்திரி, கடை, கட்டட வேலை, ஆபீஸ், காவல் வேலை என்று பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவு திரும்புகிறார்கள். இப்படிப் போய் வருகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். சுரங்கத்தில் இரண்டு ஷிப்டுக்கு நடுவே இருந்த ஓய்வைவிட இவர்களின் வீட்டு நேரம் குறைவு.

பெங்களூரிலேயே குடியேறிவிடக் கூடாதா என்று கேட்கலாம். பெங்களூர் வாடகை சம்பளத்தில் பெரும் பகுதியை விழுங்கிவிடும். தங்கவயல் லைன் வீட்டில் இருந்தால் சீசன் டிக்கெட் செலவோடு போகும். வீடு சின்னதுதான், ஓடு உடைந்ததுதான், ஆனாலும் அது தாத்தா காலத்திலிருந்து இருந்த வீடு. அந்த வீட்டுக்கு உரிமைப் பத்திரம் வேண்டும் என்பதுதான் சுரங்கம் மூடிய நாளிலிருந்து அங்கே ஒலிக்கும் கோரிக்கை. பத்திரம் இருந்தால் வங்கிக் கடன் கேட்கலாம், இடித்துக் கட்டலாம், விற்றும் போகலாம். பத்திரம் இல்லாதவருக்கு இவற்றில் எதுவும் இல்லை.

லைன்களுக்கு அருகில் சயனைடு மேடுகள் மலைபோல் நிற்கின்றன. தங்கம் பிரித்த பின் கொட்டிய கழிவு மண் அது. காற்றடித்தால் அந்தத் தூள் வீட்டுச் சோற்றில் விழும். அந்த மண்ணிலும் மிச்சத் தங்கம் இருக்கிறது. 13 மேடுகளில் மூன்று கோடி டன்னுக்கு மேல் மண் உள்ளது. அதிலிருந்து தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024-ல் கர்நாடக மந்திரிசபை சம்மதம் தெரிவித்தது. மண்ணுக்கு இன்னும் விலை இருக்கிறது என்பது இதனால் தெரிகிறது. அந்த மண்ணின் மேல் குடியிருப்பவருக்கு என்ன மதிப்பு என்பதுதான் முடிவாகவில்லை.

பந்தலூர் பிறகு என்ன ஆயிற்று?

தங்கம் பொய்த்துப் போன பந்தலூரிலும் கதை முடியவில்லை. கைவிட்ட நிலங்களில் பிறகு தேயிலை வந்தது. தேயிலைக்குத் தமிழ்க் கூலிகள் வந்தனர். மலையாளத்திலிருந்தும் குடியேறினார்கள். 1964-ல் ஏற்பட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968 முதல் இந்தப் பகுதியில் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. இன்றைய டான்டீ தோட்டங்கள் அவை. தங்கம் நிலைநிறுத்தாத ஜனங்களைத் தேயிலை நிலைநிறுத்தியது.

ஆனால் நிலம் யாருடையது? பழைய ஜன்ம நிலத்தைக் கம்பெனிகள் குத்தகைக்கு வாங்கியிருந்தன. ஜன்ம உரிமையை ஒழிக்கத் தமிழ்நாடு 1969-ல் கூடலூர் ஜன்ம எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் கொண்டு வந்தது. அதை எதிர்த்து வழக்குகள் பல பத்து ஆண்டுகள் ஓடின. கம்பெனி, வனத்துறை, வருவாய்த்துறை மூன்றும் கோர்ட்டில் நிற்க, நிலத்தில் குடியிருந்தவர் பட்டா இல்லாமல் நின்றார். தோட்டத்துக் குவார்ட்டர்சில் இருப்பவருக்கோ, ஓய்வு பெறும் நாள்தான் வீட்டைக் காலி செய்யும் நாள். எல்லோருக்கும் முன்னால் அங்கே பொன் அரித்த பணியரும் குறும்பரும் எல்லாக் கணக்கிலும் கடைசியில் இருக்கிறார்கள்.

ஆக, தங்கம் தோற்ற இடத்திலும் பட்டா இல்லை, தங்கம் ஜெயித்த இடத்திலும் பட்டா இல்லை.

இது கேரளத் தமிழருக்கும் சொந்தக் கதை

இடுக்கி மாவட்டத்தில் உள்ள வாசகர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மூணாறு மலைகளை 1877-ல் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து மன்றோ துரை பெற்றார். அதன் பின் அங்கே தேயிலை பெருகியது. திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் போன குடும்பங்கள் நான்கு ஐந்து தலைமுறையாக லயங்களில் வாழ்கின்றன. 1951-ம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளி வீடு கொடுக்க வேண்டும் என்றது. அந்தச் சட்டம் தொழிலாளிக்குக் கூரை கொடுத்தது. மனை கொடுக்கவில்லை. ஓய்வு பெற்றதும் வீட்டில் ஒருவராவது வேலையில் இருந்தால்தான் லயம் நிற்கும். அதற்காகவே படித்த பிள்ளையைக் கொழுந்து பறிக்க அனுப்பிய தாய்மார் உண்டு. பீர்மேட்டுப் பக்கத்தில் தோட்டங்கள் மூடிய பிறகும், சம்பளம் இல்லாமல், ஒழுகும் லயங்களில் ஜனங்கள் தங்கியிருப்பது தங்கவயல் கதையே.

2020 ஆகஸ்டு 6-ந் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போய்விட்டார்கள். அதில் ஒரே குடும்பத்தில் பலரை இழந்தவர்கள் உண்டு. எந்த இடத்தில் வீடு கட்டுவது, எந்த இடம் ஆபத்து என்று தீர்மானிக்கும் உரிமை அங்கே குடியிருந்தவர்களிடம் என்றைக்கும் இருந்ததில்லை.

வாளையார், கஞ்சிக்கோடு பகுதியிலும் யோசிக்க வேண்டியவர்கள் உண்டு. 1984-ல் உற்பத்தி தொடங்கிய மலபார் சிமென்ட்ஸ் பக்கத்து மலைச் சுண்ணாம்புக் கல்லை நம்பி இங்கே வந்தது. கஞ்சிக்கோட்டில் இரும்பாலைகளும் பட்டறைகளும் எழுந்தன. அவற்றை நம்பிக் கோவை, திண்டுக்கல், சேலத்திலிருந்து வந்து வாடகை வீட்டிலும் குவார்ட்டர்சிலும் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் ஏராளம். கல் என்றைக்கும் இருக்காது. ஆலையும் என்றைக்கும் ஓடாது.

சம்பளம் வரும் காலத்தில் மனை பற்றிய நினைவு வருவதில்லை. சம்பளம் நின்ற பின் மனை வாங்கப் பணம் இருப்பதில்லை. தங்கவயலில் பேட்டையில் இரண்டு சென்ட் வாங்கிப் போட்ட குடும்பம் 2001-க்குப் பிறகும் தலை நிமிர்ந்து நின்றது. லைனையே நம்பிய குடும்பம் மனுவும் கையுமாக நின்றது. இருவரும் ஒரே சுரங்கத்தில் ஒரே கூலிக்கு வேலை செய்தவர்கள்தான்.

சொந்தமாக வாங்க வசதி இல்லாதவர் கேட்டுப் பெற வழி தேட வேண்டும். கேரளத்தில் நிலமும் வீடும் இல்லாதவர்களுக்கான லைப் திட்டம் இருக்கிறது. அதில் மனுப் போட ரேஷன் கார்டும், குடியிருப்பைக் காட்டும் ஆதாரங்களும் வேண்டும். "நாம் வெளியூர்க்காரர், நமக்கெதற்கு" என்று பல தமிழ்க் குடும்பங்கள் இந்தக் காகிதங்களைச் சேர்ப்பதே இல்லை. சங்கங்களும் போனஸ் பேச்சுவார்த்தையின்போது, ஓய்வு பெறுபவருக்கு மனை என்ற ஒரு வரியைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். தங்கவயலில் சங்கங்கள் பலமாக இருந்த காலத்தில் அந்த வரி சேரவில்லை. பலம் போன பிறகு சேர்ந்தது.

அட்டப்பாடியில் நாளைக்கே தங்கம் வெட்டத் தொடங்கினால்? அது இருளர், முடுகர், குறும்பர் நிலம். அவர்கள் இழந்த நிலத்தை மீட்டுக் கொடுக்க 1975-ல் கேரளம் சட்டம் போட்டும், நிலம் முழுதாகத் திரும்பவில்லை. முதல் கேள்வி அவர்களுடையது. அடுத்த கேள்வி, அங்கே கூலிக்குப் போகிறவர் கேட்க வேண்டியது. டீக்கடைப் பெரியவர் அதைத்தான் கேட்டார்: வேலை முடிந்த பிறகு எங்கே போய் இருப்பது? அந்தப் பதிலை வேலையில் சேரும் நாளிலேயே வாங்கிக் கொள்ள வேண்டும்.